குளிருக்கு நெருப்பா, வெயிலா?

‘நோமட்லாண்ட்’ படத்தைப் பற்றிக் கதைக்கும்போதெல்லாம் நாங்கள் தனிமை, முதுமை, அமேசன் கிடங்கு வேலை, பாலைவனத்து அந்திவானம் என்றுதான் கதைத்திருக்கிறோம். பிரான்சஸ் மக்டோர்மண்டின் முகத்தைப் பற்றி மட்டும் பக்கம் பக்கமாக எழுதலாம். அந்த வானுக்குள் பால் எப்படிப் பழுதாகாமல் இருக்கும் என்று எங்களில் ஒருத்தரும் கேட்டதில்லை. சின்னக் கேள்விதான். ஆனால் அமெரிக்காவில் வாகனத்துக்குள் வாழ்கிற இரண்டு பேர் சந்தித்தால் விடிய விடியத் தர்க்கப்படக்கூடிய கேள்வி அது. பிரிட்ஜ் காஸில் ஓடவேணுமா, கரண்டில் ஓடவேணுமா?

கரண்ட் கம்பி உள்ள முகாமில் இது ஒரு பிரச்சினையே இல்லை. வயரைக் கொழுவினால் எதுவும் ஓடும். பிரச்சினை கம்பி இல்லாத இடத்தில்தான். அரிசோனாவில் குவார்ட்சைட் என்று ஒரு ஊர் இருக்கிறது. கோடையில் சில ஆயிரம் பேர்தான் அங்கே இருப்பார்கள். குளிர்காலம் வந்தால் சுற்றியுள்ள அரச நிலம் முழுக்க வாகனவீடுகள் வந்து குந்திவிடும். சில பகுதிகளில் 14 நாள் வரை இலவசமாகத் தங்கலாம், சில பகுதிகளில் ஒரு தொகையைக் கட்டிவிட்டு செப்ரெம்பர் நடுப்பகுதி தொடக்கம் ஏப்ரல் நடுப்பகுதி மட்டும் இருக்கலாம். நிற்கிற இடத்துக்குக் கம்பி வராது, குழாய்த் தண்ணியும் வராது.

வருகிறவர்களில் ஒரு பகுதி பென்சன் காசோடு உல்லாசமாக வருகிறவர்கள். ஆர்.வி. என்ற பெயரின் முதல் எழுத்தே பொழுதுபோக்கைத்தான் குறிக்கிறது. மற்றப் பகுதிக்கு அதில் பொழுதுபோக்கு ஒன்றுமில்லை. 2008 இற்குப் பிறகு வீட்டை இழந்தவர்களும், வாடகை கட்டமுடியாமல் போனவர்களும் எப்படி வாகனத்துக்குள் வந்து சேர்ந்தார்கள் என்பதைத்தான் ஜெசிக்கா புரூடர் 2017 இல் புத்தகமாக எழுதினார், பிறகு அது படமானது. முதல் கூட்டத்துக்குப் பிரிட்ஜ் நின்றால் பியர் சூடாகும், அவ்வளவுதான். இரண்டாவது கூட்டத்துக்கு ஒரு கிழமைச் சாப்பாடு போய்விடும், சிலருக்கு இன்சுலினும் போய்விடும். நான் எழுதுவது இந்த இரண்டாவது கூட்டத்தை மனதில் வைத்து.

என் கட்சியை முதலே சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு ஒருத்தர் கம்பி இல்லாத இடத்தில் வாகனத்தில் வாழப் போகிறார் என்றால், காஸ் பிரிட்ஜை விட்டுவிட்டு 12 வோல்ட் கொம்பிரசர் பிரிட்ஜை எடுக்கவேணும். கூடவே சோலார் பனலும் நல்ல பற்றரியும். “காஸ் எண்டா கரண்டைப் பற்றி யோசிக்கத் தேவையில்ல” என்று அங்குள்ள பழைய ஆட்கள் சொல்லுவினம். அது ஒருகாலத்தில் சரி. இப்போது சரியில்லை.

ஏன் ஒருகாலத்தில் சரி என்று விளங்க, நெருப்பு எப்படிக் குளிரைத் தருகிறது என்று பார்க்கவேணும். எனக்கு இது இன்னும் ஒரு மந்திர வித்தை மாதிரித்தான் தெரிகிறது. பெட்டிக்குப் பின்னால், கீழே ஒரு சின்ன நீலச் சுவாலை எரியும். அது அமோனியாவும் தண்ணியும் கலந்த கரைசலைச் சூடாக்கும். அமோனியா ஆவியாகி மேலே போய், அங்குள்ள குழாய்களில் வெப்பத்தை வெளியே விட்டுவிட்டுத் திரவமாகும். அந்தத் திரவம் ஐதரசன் நிரம்பிய குழாய்க்குள் இறங்கும்போது மறுபடி ஆவியாகும். ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்துக்கொள்ளும். மண்பானைத் தண்ணி குளிர்வதும் இதே கதைதான். ஆவியாகிறது எதுவும் பக்கத்திலுள்ள சூட்டைக் கொண்டுபோகும். பிறகு தண்ணி அந்த அமோனியாவை உறிஞ்சிக்கொண்டு கீழே வரும், சுவாலை மறுபடி சூடாக்கும். மோட்டர் இல்லை, பம்ப் இல்லை, அசைகிற பாகம் ஒன்றுமில்லை, சத்தமும் இல்லை.

1922 இல் ஸ்டொக்ஹோமில் படித்துக்கொண்டிருந்த இரண்டு மாணவர்கள், பல்ற்சார் வொன் பிளாற்றனும் கார்ல் முன்ரர்ஸும், கண்டுபிடித்தது இது. எலெக்ட்ரோலக்ஸ் நிறுவனம் அதை வாங்கி உலகம் முழுக்க விற்றது. சில வருசத்தில் ஐன்ஸ்டைனும் லியோ சிலார்டும்கூட அசைகிற பாகமில்லாத ஒரு பிரிட்ஜுக்கு உரிமம் எடுத்தார்கள். சார்புக்கோட்பாடு எழுதிய மனுசன் பிரிட்ஜ் திருத்தப் போனாரா என்று சிரிக்கவேண்டாம். அந்த நேரத்துப் பிரிட்ஜுகளிலிருந்து கசிந்த நச்சு வாயு ஆட்களைக் கொன்றுகொண்டிருந்தது.

ஆக காஸ் பிரிட்ஜ் ஒரு மோசமான பொருள் இல்லை. கம்பி போகாத பண்ணைகளுக்கும் தீவுகளுக்கும் மிசன் ஆஸ்பத்திரிகளுக்கும் குளிரைக் கொண்டுபோனது அதுதான், காஸிலும் மண்ணெண்ணெயிலும். வாகனவீடுகளுக்குள்ளும் அந்த வழியாகத்தான் வந்தது. அந்தக் காலத்தில் சோலார் பனல் என்பது செய்மதிக்கு மேலே ஒட்டுகிற சாமான். பற்றரி என்றால் ஈயப் பற்றரி, பாதிக்கு மேலே இறக்கினால் ஆயுள் குறைந்துவிடும். ஒரு 9 கிலோ சிலிண்டர் மூன்று கிழமைக்கு மேல் பிரிட்ஜை ஓட்டும் என்றால் அதோடு எது போட்டி போடும்?

அதன் குறைகள் எல்லாம் பாலைவனத்தில்தான் வெளியே வரும்.

முதலாவது, அது மட்டமாக நிற்கவேணும். உள்ளே எல்லாம் புவியீர்ப்பில் ஓடுகிறபடியால் வாகனம் சரிந்தால் கரைசல் ஓடாது. பக்கவாட்டில் 3 பாகை, முன்பின்னாக 6 பாகை என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படுகிற எல்லை. பாலைவனத்து நிலம் அந்தக் கணக்குப் பார்த்து உருவாகவில்லை. சரிவில் கனநேரம் எரியவிட்டால் கொதிகலன் குழாய் அளவுக்கு மிஞ்சிச் சூடாகி, துருப்பிடிக்காமல் இருக்கப் போட்ட இரசாயனம் உள்ளேயே உறைந்து அடைத்துவிடும். அதற்குத் திருத்தம் கிடையாது. முழுக் குளிரூட்டும் பகுதியையும் மாற்றவேண்டியதுதான்.

அடுத்தது வெளிச் சூடு. இந்தப் பிரிட்ஜ் தன்னுடைய வெப்பத்தை வெளியே தள்ளவேணும். வெளியிலேயே 38, 40 பாகை என்றால் எங்கே தள்ளுவது? சுவாலை எரிந்துகொண்டே இருக்கும், உள்ளே பால் புளிக்கும். “அப்ப கோடைக்கு மலைக்குப் போறதுதானே” என்று கேட்பீர்கள். போகிறார்கள்தான். குவார்ட்சைட்டில் குளிர்காலம் கழிக்கிறவர்கள் பலர் கோடைக்கு பிளாக்ஸ்டாவ் பக்கப் பைன் காட்டுக்கு ஏறுவார்கள். அது கடல்மட்டத்திலிருந்து 2,100 மீற்றர் அளவு உயரம். காற்றில் ஒட்சிசன் குறைவு, சுவாலை ஒழுங்காக எரியாது. ஏறத்தாழ 1,700 மீற்றருக்கு மேலே காஸில் ஓடும்போது பிரச்சினை வரலாம் என்று இந்தப் பிரிட்ஜுகளின் கையேடுகளிலேயே எச்சரிக்கை இருக்கிறது. கீழே சூடு, மேலே உயரம். அந்த நாடோடி வாழ்க்கையின் இரண்டு முனையிலும் இது இடறுகிறது.

தீ இன்னொரு விசயம். 2006 இல் டொமெட்டிக் நிறுவனம் ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட வாகனப் பிரிட்ஜுகளைத் திருத்தத்துக்காகத் திரும்ப அழைத்தது. கொதிகலன் குழாயில் வெடிப்பு விழுந்து, தீப்பிடிக்கக்கூடிய வாயு வெளியேறலாம் என்பதுதான் காரணம். எல்லாக் காஸ் பிரிட்ஜும் எரியும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நித்திரை கொள்கிற பெட்டிக்கு ஒரு சுவர் தள்ளி இருபத்துநாலு மணிநேரமும் ஒரு சுவாலை எரிகிறது என்பதை மறந்துவிட்டுத்தான் “நிம்மதி” என்று கதைக்கிறார்கள்.

இனிக் கரண்ட் பக்கம். கொம்பிரசர் பிரிட்ஜ் என்பது வீட்டுப் பிரிட்ஜின் தம்பிதான், 12 வோல்ட்டில் நேரே பற்றரியில் ஓடும். (காஸ் பிரிட்ஜிலும் 12 வோல்ட் ஆளி ஒன்று இருக்கும். அதை நம்பவேண்டாம். அது சுவாலைக்குப் பதிலாக ஒரு ஹீற்றரைப் போடும், ஒரே இரவில் பற்றரியைக் குடித்துவிடும்.) கொம்பிரசர் ஓடும்போது 45 தொடக்கம் 60 வற் எடுக்கும், எந்நேரமும் ஓடாது. 40 லீற்றர் அளவு மேல்மூடிப் பெட்டி ஒன்றுக்கு நாளைக்கு ஏறத்தாழ 0.4 யூனிற் போதும். பெரிய நிற்கிற பிரிட்ஜ் என்றால் 0.7 யூனிற் அளவு வரும். மேல்மூடி என்பதை அழுத்திச் சொல்கிறேன். கதவுள்ள பிரிட்ஜைத் திறந்தால் குளிர்காற்று காலடியில் கொட்டிவிடும், பெட்டியில் அது கிடக்கிற இடத்திலேயே கிடக்கும்.

ஒப்பிட்டுப் பாருங்கள். பெரிய காஸ் பிரிட்ஜ் நாளைக்கு 350 கிராம் அளவு புரொப்பேன் எரித்தால் அது நாலரை யூனிற் வெப்பம். அதே குளிரைக் கொம்பிரசர் 0.7 யூனிற்றில் தருகிறது. கிட்டத்தட்ட ஆறு மடங்கு வித்தியாசம். நெருப்பு அவ்வளவையும் எரித்து வெப்பத்தைப் பின்பக்கத்தால் வெளியே விடுகிறது.

அரிசோனாவின் டிசெம்பர் வெயிலில்கூட, கூரையில் மட்டமாகக் கிடக்கும் 200 வற் பனல் நாளைக்கு ஏறத்தாழ அரை யூனிற் தரும். சின்னப் பெட்டிக்கு அது சரி, போன் சார்ஜுக்கும் லைற்றுக்கும் கொஞ்சம் மிஞ்சும். பெரிய பிரிட்ஜ் என்றால் 400 வற்றாவது வேணும். 100 அம்பியர்-மணி லித்தியம் அயன் பொஸ்பேற் பற்றரி ஒன்றில் 1.28 யூனிற் இருக்கும். வெயில் இல்லாமலே சின்னப் பெட்டி மூன்று நாள் ஓடும். பத்து வருசத்துக்கு முதல் ஆயிரம் டொலர் சொன்ன அந்தப் பற்றரி இப்போது முந்நூறு டொலருக்குள் வருகிறது. முழு விவாதத்தையும் திருப்பிப் போட்டது இந்த விலைதான். பிரிட்ஜ் தொழில்நுட்பத்தில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை.

வாகனம் சரிந்து நின்றாலும் கொம்பிரசருக்குப் பரவாயில்லை, உயரமும் பிரச்சினையில்லை. சூட்டில் கூடுதலாக ஓடும்தான். ஆனால் சூடு கூடுகிற நாளில் வெயிலும் கூடுகிறது. கரண்டும் அதோடு கூடுகிறது. இவ்வளவு வசதியான பொருத்தம் சக்தி விசயத்தில் லேசில் கிடைக்காது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. 2020 இற்குப் பிறகு அமெரிக்க வாகனவீட்டுக் கொம்பனிகள் பல தாங்களாகவே காஸ் பிரிட்ஜைக் கைவிட்டு 12 வோல்ட்டுக்கு மாறிவிட்டன. நல்லதுதானே என்று பார்த்தால், பிரிட்ஜை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய மாதிரியே ஒற்றை ஈயப் பற்றரியை வைத்து விற்கிற வாகனங்கள் ஏராளம். கம்பி இல்லாத இடத்தில் நின்றால் விடியப் பற்றரி செத்திருக்கும். வாங்கினவர் “இதுக்குக் காஸே பறவாயில்லை” என்று பேசத் தொடங்குவார். அவர் திட்டவேண்டியது கரண்டை இல்லை, பற்றரியில் காசு மிச்சம் பிடித்தவர்களை. பிரிட்ஜ், பனல், பற்றரி மூன்றும் சேர்ந்தால்தான் அது ஒரு சாமான்.

காஸ் வெல்கிற இடமும் இருக்கிறது. வடக்கே வாஷிங்டன், ஒரிகன் கரையோரத்தில் மாரி முழுக்க மேகம். அங்கே பனலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், அவ்வளவுதான். அடர்ந்த மரநிழலிலும் அதேதான். நான் மேலே சொன்ன பிளாக்ஸ்டாவ் பைன் காட்டில்கூடப் பனலுக்கு வெட்டவெளி தேடி நிற்கவேணும். உறைபனிக்குக் கீழே லித்தியம் பற்றரியைச் சார்ஜ் பண்ணக்கூடாது, அதையும் வாகனத்துக்குள்ளே சூடாக வைக்கவேணும். அப்படியான இடத்தில் மாதக்கணக்கில் தங்குகிறவர் காஸ் வைத்திருப்பதை நான் பிழை சொல்லமாட்டேன். அடுப்புக்கும் குளிர்கால ஹீற்றருக்கும் எப்படியும் சிலிண்டர் வேணும். சமையலுக்குப் போகிற காஸ் கொஞ்சம்தான். பிரிட்ஜை அதிலிருந்து கழற்றிவிட்டால், மூன்று கிழமையில் முடிகிற சிலிண்டர் மாதக்கணக்கில் வரும். நான் கேட்பது அதுதான்.

காசுக் கணக்கையும் ஒளிக்கத் தேவையில்லை. சின்னப் பெட்டி, பற்றரி, பனல், வயர் எல்லாம் சேர்த்து ஆயிரம் டொலர் அளவு வரும். சிலிண்டர் நிரப்ப இருபது டொலர் அளவு. அந்த ஆயிரம் திரும்பி வர மூன்று நாலு வருசம் எடுக்கும். பழைய வாகனத்தோடு சும்மா வந்த காஸ் பிரிட்ஜை வைத்திருக்கிற, கையில் நூறு டொலர் இல்லாத மனுசிக்கு “ஆயிரத்தைப் போடு” என்று சொல்வது லேசு. இந்த இடத்தில் என் வாதம் பலவீனம்தான். ஆனால் அந்தப் பற்றரி பிரிட்ஜுக்கு மட்டும் இல்லை. போன், லைற், மின்விசிறி எல்லாம் அதில்தான். போன் இல்லாமல் அடுத்த வேலை எங்கே என்று தெரியாது. எப்படியும் அவருக்குப் பனலும் பற்றரியும் வேணும். அப்படிப் பார்த்தால் கூடுதலாகப் போடவேண்டியது பெட்டிக்கான காசு மட்டும்.

எனக்கு இந்த விசயத்தில் இவ்வளவு பிடிவாதம் ஏன் என்று கேட்டால், அதற்குக் காரணம் அரிசோனாவில் இல்லை. எரிபொருளில் ஓடுகிற எதுவும் யாரோ ஒருத்தரின் கதவைத் தாண்டித்தான் உங்களிடம் வரும் என்பதை இந்த நாட்டில் எங்களுக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை. 90களில் வடக்கில் கரண்டும் இல்லை, மண்ணெண்ணெய் தடைப்பட்டியலில். ஜாம் போத்தலுக்குள் திரி வைத்து, சொட்டுச் சொட்டாக எண்ணெய் எரித்துப் படித்தவர்கள்தான் எங்களில் பலருடைய அம்மா அப்பா. அதே ஆட்கள் வானொலி கேட்டது எப்படி? சைக்கிள் டைனமோவைச் சுற்றி. டைனமோ ஒருக்கா கையில் இருந்தால் அதற்குப் பிறகு ஒரு சோதனைச்சாவடியும் அதை மறிக்கமுடியாது. 2022 இல் முழு நாடும் வெற்றுச் சிலிண்டரோடு லைனில் நின்றது. இன்னொரு பக்கம் ஒரு நாளில் 13 மணிநேரம் வரை கரண்ட் வெட்டு. அந்த இரண்டுக்கும் நடுவில், கூரையில் பனலும் கீழே பற்றரியும் வைத்திருந்தவன் வீட்டில் விசிறி சுற்றியது.

பனலும் பற்றரியும் எங்கேயிருந்து வருகிறது, அதுவும் சீனாவிலிருந்து கப்பலில்தானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சரியான கேள்வி. சோலார் பனல் உற்பத்தியின் பெரும்பகுதி அங்கேதான், லித்தியம் தோண்டுகிற இடங்களிலும் அநியாயங்கள் இருக்கின்றன. ஆனால் பனல் ஒருக்கா வந்தால் வந்ததுதான், இருபது வருசத்துக்கு மேல் ஓடும். சிலிண்டர் மாதாமாதம் வரவேணும். விலை கூட்டவும், வழி மறிக்கவும், கலவையை மாற்றவும் ஒவ்வொரு மாதமும் யாருக்கோ ஒரு சந்தர்ப்பம் கிடைக்கும். ஒரே தரம் கடன்படுவதும் ஒவ்வொரு நாளும் கடன்படுவதும் ஒன்றில்லை.

இன்சுலின் விசயத்துக்கு வருவோம். திறக்காத இன்சுலினை 2 தொடக்கம் 8 பாகைக்குள் வைக்கவேணும். வாகனத்துக் காஸ் பிரிட்ஜின் உள்வெப்பம் பகலில் ஏறி இரவில் இறங்கும், பின்னேரம் 10, 12 பாகைக்குப் போவது புதினமில்லை. தடுப்பூசி வைக்கிற விசயத்தில் உலக சுகாதார நிறுவனம் காஸ், மண்ணெண்ணெய்ப் பிரிட்ஜுகளை இப்போது பரிந்துரைப்பதில்லை. கம்பி இல்லாத சிகிச்சை நிலையங்களுக்கு இன்று போவது சூரியசக்திப் பிரிட்ஜுகள்தான். சிலதில் பற்றரிகூட இல்லை, பகலில் ஐஸாக உறையவைத்து இரவைக் கடத்தும். கொம்பிரசரிலும் ஒரு கவனம் வேணும். குளிர்த்தகட்டோடு ஒட்டி வைத்தால் இன்சுலின் உறைந்துவிடும், உறைந்தால் பாவிக்கக்கூடாது. துணியில் சுற்றி நடுவில், பக்கத்தில் ஒரு வெப்பமானியோடு.

இரண்டு இரவு கூடாரம் அடிக்கப் போகிற ஆட்களுக்கு இதில் எதுவும் தேவையில்லை. எங்கள் கடற்கரையில் மீன் போகிற மாதிரி ஒரு ரெஜிபோம் பெட்டியும் ஒரு கட்டி ஐஸும் போதும். இவ்வளவையும் வாசித்துவிட்டு சனி ஞாயிறு பயணத்துக்கு லித்தியம் பற்றரி தேடி அலையாதீர்கள்.

பழைய வாகனத்தோடு காஸ் பிரிட்ஜ் வந்திருந்தால், அதைக் கழற்றி எறியவும் அவசரமில்லை. விசயம் தெரிந்த ஒருத்தரைக் கொண்டு காஸ் குழாயை அடைத்துவிட்டு, சின்னப் பெட்டியை நிலத்தில் வையுங்கள். பழையது நல்ல இறுக்கமான கதவுள்ள அலுமாரி. பாலைவனத்தில் எலிக்குக் குறைவில்லை, அரிசியும் மாவும் அதற்குள் பத்திரமாக இருக்கும்.